அப்பாவுக்கு ஒரு கார்... கிளட்ச்சும் வேண்டாம், கடனும் வேண்டாம்!

செகண்ட் ஹேண்ட் டீசல் ஆட்டோமேட்டிக் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

"நீ இன்ஜினீயரிங்தானே படிக்கிறே... வண்டியைப் பார்த்துச் சொல்லு!"

இந்த டயலாக் உங்க வீட்ல இன்னும் வரலைன்னா, கூடிய சீக்கிரம் வரும். நீங்க மெக்கானிக்கலா, ஐ.டி-யா, சிவிலா என்பதெல்லாம் வீட்ல மேட்டரே இல்லை. இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைக்கு இன்ஜின் தெரியும். அவ்வளவுதான் லாஜிக். ஆர்ட்ஸ் காலேஜ் மக்களும் ரொம்ப சந்தோஷப்படாதீங்க. "போன்ல எல்லாம் பார்க்கிறியே, இதையும் பாரு"ன்னு உங்களுக்கும் வரும்!

சிச்சுவேஷன் இதுதான். அப்பாவுக்கு ஐம்பது தாண்டியாச்சு. இடது முழங்கால்ல வலி. சிக்னலுக்கு சிக்னல் கிளட்ச் மிதிச்சா, ராத்திரி தைலம் தேய்க்க வேண்டியிருக்கு. அதனால் ஆட்டோமேட்டிக். மாசம் ஒரு தடவை சொந்த ஊர், அப்பப்போ குலதெய்வம் கோயில், பாட்டிக்கு ஆஸ்பத்திரி செக்-அப்... அதனால் டீசல். கையில் இருப்பதோ பி.எஃப். பணமும் சீட்டுப் பணமும் சேர்த்து ஆறேழு லட்சம். அதனால் செகண்ட் ஹேண்ட்.

இந்த மூணு 'அதனால்' ஒண்ணு சேரும்போதுதான் சிக்கல். செகண்ட் ஹேண்ட் மேனுவல் காரில் கிளட்ச் போனால் மாத்திட்டு ஓட்டிடலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மொத்தமா மக்கர் பண்ணினால் சில மாடல்களில் பில் லட்சத்தைத் தொடும். டீசலில் இன்ஜெக்டர், டர்போ என்று விலை கூடிய பார்ட்ஸ் தனி. அப்பா பல வருஷம் சேர்த்த பணம் ஆறே மாசத்தில் வொர்க்‌ஷாப்புக்குப் போயிடக் கூடாது. அதனால் வரிசையை மனசுல எழுதி வெச்சுக்கோங்க: முதலில் கிலோமீட்டர், அடுத்து கியர்பாக்ஸ், மூணாவது பேப்பர். பிராண்டு கடைசி. கலர்? கடைசிக்கும் கடைசி!

டீசல்... நிஜமாவே வேணுமா?

"டீசல்னா மைலேஜ்" என்பது நம்ம ஊர் வேதவாக்கு. ஆனால் கால்குலேட்டரை எடுங்க பாஸ். கணக்குக்காக ரவுண்டா பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய்னு வெச்சுக்குவோம். பெட்ரோல் ஆட்டோமேட்டிக் லிட்டருக்கு 13 கி.மீ., டீசல் ஆட்டோமேட்டிக் 18 கி.மீ. கொடுக்குதுன்னு வைங்க.

மாசம் 1,000 கி.மீ. ஓடினால் வருஷத்துக்கு பெட்ரோல் செலவு சுமார் 92,000 ரூபாய். டீசல் சுமார் 61,000. மிச்சம் 31,000. டீசலுக்கு சர்வீஸில் வருஷம் 5,000 கூடுதலாப் போனாலும் 26,000 கையில் நிக்குது. டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் அதிகம் கொடுத்திருந்தால் நாலு வருஷத்தில் வசூல்.

அதே வண்டி மாசம் 400 கி.மீ. மட்டும் ஓடினால்? எரிபொருளில் மிச்சம் வருஷம் 12,400-தான். சர்வீஸ் கூடுதல் போனால் 7,400. அந்த ஒரு லட்சத்தைத் திருப்பி எடுக்க 13 வருஷத்துக்கு மேல ஆகும். தனியார் காரின் ஆர்.சி. முதலில் 15 வருஷத்துக்குத்தான் செல்லும். பழைய வண்டிக்கு அவ்வளவு ஆயுசே மிச்சம் இருக்காது!

உங்க வீட்டு நம்பரைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதி அப்பாகிட்ட காட்டுங்க. ஓட்டம் கம்மின்னா பெட்ரோல் ஆட்டோமேட்டிக் தேடுறதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயமும் இருக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6 விதி வந்தது. அதற்குப் பிறகு வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கும். கரி சேர்ந்ததும் வண்டியே அதைச் சூடாக்கி எரிச்சுத் தள்ளிடும். அதுக்கு கொஞ்ச நேரம் விடாமல், நல்ல வேகத்தில் ஓடணும். தினமும் வீடு, மார்க்கெட், டியூஷன்னு மூணு கி.மீ. மட்டும் ஓட்டினால் கரி எரியாது. வார்னிங் லைட் எரியும். அதைக் கண்டுக்காம விட்டால் செலவு எகிறும். ஹைவே ஓட்டம் இருக்கிற வீட்டுக்கு பி.எஸ்-6 டீசல் ஓ.கே. பெரும்பாலும் டவுனுக்குள்ளேயே சுத்துற வீட்டுக்கு அது தலைவலி. பெரும்பாலான சின்ன பி.எஸ்-4 டீசல்களில் இந்த வடிகட்டி கிடையாது.

ஆட்டோமேட்டிக்னா ஒண்ணு இல்ல... நாலு!

'ரெண்டே பெடல், ஆட்டோமேட்டிக்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பாங்க. உள்ளே இருப்பது எதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிறது உங்க வேலை.

ஏ.எம்.டி: உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்க காலுக்குப் பதிலா ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ கிளட்ச்சை அழுத்தும், கியரை மாத்தும். ஒவ்வொரு கியருக்கும் தலை லேசா ஆடும். அது அதோட குணம், கோளாறு இல்லை. நாலு வகையில் ரிப்பேர் செலவு பொதுவா இதில்தான் கம்மி. ஆனால் மேட்டில் பிரேக் பிடிக்காம ஆக்ஸிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வைக்கிற பழக்கம் பழைய ஓனருக்கு இருந்தால், கிளட்ச் கருகியிருக்கும்.

டார்க் கன்வெர்ட்டர்: நிஜமான பழைய ஸ்டைல் ஆட்டோமேட்டிக். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய்தான் சக்தியைக் கடத்தும். வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி ஸ்மூத். ஒழுங்கா ஆயில் மாத்தினால் நீண்ட நாள் உழைக்கும். மைலேஜ் கொஞ்சம் குறையும்.

டி.சி.டி / டி.எஸ்.ஜி: ரெண்டு கிளட்ச். ஒண்ணு ஒற்றைப்படை கியருக்கு, இன்னொண்ணு இரட்டைப்படை கியருக்கு. மின்னல் வேகத்தில் மாறும். ஆனால் எண்ணெயில் நனையாத 'டிரை கிளட்ச்' வகைகள் நம்ம ஊர் நெரிசலில் சூடாகும். ஃபோக்ஸ்வேகனின் டி.எஸ்.ஜி. பிரச்னைக்காக 2013-ல் சீனாவில் மட்டும் 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை ரீகால் பண்ணினாங்க. இந்த வகை வாங்கினால் ரிப்பேர் நிதி தனியா வெச்சிருக்கணும்.

சி.வி.டி: கியரே கிடையாது. ரெண்டு புல்லி, நடுவில் ஒரு பெல்ட். ஜெர்க் இல்லாமல் போகும். ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் சத்தம் முதலில் வரும், வேகம் அப்புறம் வரும். டீசலோடு இதைச் சேர்த்தது அபூர்வம்.

அப்பாவின் முழங்காலுக்கு நாலுமே நல்லதுதான். அப்பாவின் பர்ஸுக்கு முதல் ரெண்டும்தான் சேஃப்.

சந்தையில யார் யார்?

பி.எஸ்-6 வந்தபோது மாருதி டீசலை மொத்தமா நிறுத்திடுச்சு. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் 1.5 டீசலும் 2020-ல் போயிடுச்சு. ஹோண்டா 2023-ல் டீசலை விட்டது. அதனால் இந்த பட்ஜெட்டில் 2015 முதல் 2020 வரை வந்த வண்டிகள்தான் அதிகம் கண்ணில் படும்.

மாருதி டிசையர் டீசல் ஏ.எம்.டி. 2016-லும், விட்டாரா ப்ரெஸ்ஸா டீசல் ஏ.எம்.டி. 2018-லும் வந்தன. டாடா ஜெஸ்ட் டீசல் ஏ.எம்.டி. 2014-லேயே வந்தாச்சு. மூணிலும் இருப்பது ஃபியட்டின் அதே 1.3 லிட்டர், 1,248 சி.சி. டீசல் இன்ஜின். மாருதி, டாடா, ஃபியட் மூணு கம்பெனி கார்களிலும் ஓடினதால் இதைத் தெரியாத மெக்கானிக் நம்ம ஊரில் கிடைப்பது கஷ்டம். ஸ்பேர்ஸ் சுலபம். டைமிங் பெல்ட்டுக்குப் பதிலா செயின் என்பது இன்னொரு ப்ளஸ்.

டாடா நெக்ஸான் டீசல் ஏ.எம்.டி. 2018-ல் வந்தது. அதே வருஷ டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நெக்ஸான் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 ஸ்டார் வாங்கியது. குடும்பமே உட்கார்ற வண்டிக்கு அது சின்ன விஷயம் இல்லை. மஹிந்திரா எக்ஸ்.யு.வி.300 டீசல் ஏ.எம்.டி. 2019-ல் வந்தது.

டார்க் கன்வெர்ட்டர்தான் வேணும்னா ஹூண்டாய். வெர்னா 1.6 டீசலில் 2011 மாடலுக்கு 4-ஸ்பீடு, 2017 மாடலுக்கு 6-ஸ்பீடு. கிரெட்டா 1.6 டீசலில் 2015 முதலே 6-ஸ்பீடு. கிரெட்டாவுக்கு டிமாண்ட் ஜாஸ்தி என்பதால் நம்ம பட்ஜெட்டில் கொஞ்சம் பழசு, கொஞ்சம் அதிகம் ஓடினதுதான் மாட்டும்.

ரெனோ டஸ்டர் டீசல் ஏ.எம்.டி. (2016), ஹோண்டா அமேஸ் டீசல் சி.வி.டி. (2018), ஃபோக்ஸ்வேகன் வென்ட்டோ மற்றும் ஸ்கோடா ரேபிட் டீசல் டி.எஸ்.ஜி. எல்லாம் விலை குறைஞ்சு கண்ணடிக்கும். வாங்கக் கூடாதுன்னு இல்லை. உங்க ஊரில் அதைச் சரி பார்க்கத் தெரிஞ்ச வொர்க்‌ஷாப் இருக்கான்னு முதலில் பாருங்க. டஸ்டரின் 1.5 டீசலில் டைமிங் பெல்ட். அது ஓடும்போது அறுந்தால் வால்வுகள் போயிடும். பெல்ட் மாத்தின பில்லை வாங்கிப் பாருங்க.

காலையில் போங்க... கையை பானெட் மேல வைங்க!

"லேடி டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர், வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான்!" புரோக்கர் அண்ணன் இப்படித்தான் ஆரம்பிப்பார். சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கோங்க. வண்டியைப் பார்க்க வர்ற நேரத்தை மட்டும் நீங்க முடிவு பண்ணுங்க. காலை நேரம் பெஸ்ட். 'நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்'னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் பானெட் மேல கை வைங்க. சூடா இருந்தால், எதையோ மறைக்கிறதுக்காக முன்னாடியே ஓட்டி வெச்சிருக்கலாம். ஆறின பிறகு வர்றேன்னு கிளம்பிடுங்க.

* சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்க. செக் இன்ஜின், ஏர்பேக் லைட்டுகள் எரியணும். ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லைன்னா யாரோ லைட்டையே கழட்டியிருக்கலாம்!

* புகையைக் கவனிங்க. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரியுது. அடர்ந்த கறுப்பு என்றால் இன்ஜெக்டர், டர்போ, ஏர் ஃபில்டர் பக்கம் சந்தேகம். சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகலாம்.

* ஆயில் குச்சியை உருவிப் பாருங்க. டீசலில் ஆயில் கறுப்பா இருப்பது சகஜம், பயப்படாதீங்க. ஆனால் பி.எஸ்-6 வண்டியில் அளவு 'மேக்ஸ்' கோட்டுக்கு மேல இருந்தால் உஷார். கரியை எரிக்கும் முயற்சி பாதியில் நின்று நின்று, டீசல் ஆயிலோடு கலந்திருக்கலாம். ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெளுத்த பிசின் இருந்தால், அதிலும் தண்ணி சம்பந்தம் இருக்கான்னு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க.

கியர்பாக்ஸுக்கு ஒரு வைவா!

ஓட்டிப் பார்க்க அரை மணி நேரமாவது கேளுங்க. தெருவை ஒரு ரவுண்டு அடிச்சா எதுவும் தெரியாது. லைசென்ஸ் இருந்தால் நீங்க ஓட்டுங்க. இல்லைன்னா அப்பா ஓட்டட்டும், நீங்க பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கோங்க.

முதலில் பிரேக்கை அமுக்கிக்கிட்டு லீவரை 'டி'க்கும் 'ஆர்'க்கும் மாத்தி மாத்திப் போடுங்க. 'டொம்'னு இடிச்சாலோ, ரெண்டு மூணு செகண்ட் யோசிச்சு ஏறினாலோ மார்க் குறைச்சிடுங்க. அப்புறம் ஒரு மேம்பாலத்து ஏற்றமோ, ஷாப்பிங் மால் பார்க்கிங் சரிவோ பார்த்து, நடுவில் நின்று மறுபடி கிளம்புங்க. ஏ.எம்.டி. வண்டி நடுங்கினாலோ, கருகின வாசனை வந்தாலோ கிளட்ச் முடியப் போகுது. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் ஆர்.பி.எம். முள் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் உள்ளே வழுக்குது. டி.எஸ்.ஜி. வண்டியை நெரிசலில் ஊர்ந்து போக விடுங்க. ஒண்ணாம் கியருக்கும் ரெண்டாம் கியருக்கும் நடுவில் உதறல் இருந்தால் கும்பிடு போட்டுட்டு இறங்கிடுங்க. வண்டி நல்லா சூடான பிறகு இதையெல்லாம் இன்னொரு தடவை செய்யுங்க. சில வியாதி சூட்டில்தான் வெளியே வரும்.

டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. வண்டி 60,000 கி.மீ. தாண்டியிருந்தால் கியர்பாக்ஸ் ஆயில் மாத்தின பில் கேளுங்க. "அது லைஃப்டைம் ஆயில் சார்" என்பாங்க. யாரோட லைஃப்டைம்னு கேளுங்க!

டெக்கி மக்களுக்கு ஒரு டிப்ஸ். ஓ.பி.டி. ஸ்கேனர் என்ற சின்னப் பொருள் ஆயிரம் ரூபாய் பக்கத்தில் கிடைக்குது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் செருகி, ப்ளூடூத்தில் போனோடு இணைச்சால் இன்ஜின் பதிவு பண்ணி வெச்ச கோளாறுகள் வரும். கோளாறு எதுவுமே இல்லாமல், ஆனால் உள் சோதனைகள் எல்லாம் 'இன்னும் முடியலை'ன்னு காட்டினால், உங்களுக்கு முன்னாடிதான் யாரோ அழிச்சிருக்காங்கன்னு அர்த்தம். கியர்பாக்ஸ் கோளாறுகளை இந்தச் சின்ன ஸ்கேனர் பெரும்பாலும் காட்டாது. அதுக்கு வொர்க்‌ஷாப் ஸ்கேனர்தான் வேணும்.

மீட்டர் பொய் சொல்லும்... மிதியடி சொல்லாது!

டீசல் கார் வாங்கினவங்க பொதுவா நிறைய ஓட்டத்தான் வாங்கியிருப்பாங்க. 2017 மாடல் டீசல் 38,000 கி.மீ. காட்டினால் சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. பிரேக் பெடல் ரப்பர் தேய்ஞ்சு வழவழன்னு இருக்கா? டிரைவர் சீட் ஓரம் நைஞ்சிருக்கா? சர்வீஸ் பில் ஒவ்வொண்ணிலும் கி.மீ. எழுதியிருப்பாங்க, வரிசையா ஏறுதான்னு பாருங்க. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-ம் வாரம் தயாரானது. கம்மியா ஓடின வண்டிக்கு எதுக்கு நாலும் புது டயர்?

அடுத்து தண்ணி. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் எத்தனையோ கார்களை முழுகடிச்சது. கழுவித் துடைச்சு சென்ட் அடிச்சு அதில் சிலது சந்தைக்கு வரும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வயரிங்கில் தண்ணி போனால் நரகம். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் உருவிப் பாருங்க, சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிற பள்ளத்தில் மண், கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரவாடை... எது இருந்தாலும் 'டாட்டா'!

பேப்பர்ல ஃபெயில் ஆனா, வண்டியே ஃபெயில்!

எம்-பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டால் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் விவரங்கள் கிடைக்கும். எத்தனையாவது ஓனர், லோன் பாக்கி இருக்கா, டிராஃபிக் ஃபைன் நிலுவையில் இருக்கா என்பதையும் பார்த்திடுங்க. ஆர்.சி-யில் பேங்க் பெயர் இருந்தால், பேங்க் தரும் என்.ஓ.சி-யும் படிவம் 35-ம் கட்டாயம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

"பேர் மாத்துறதை மெதுவா பார்த்துக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாச் சொல்லியிருக்கு. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்க அப்பா பெயருக்கு மாத்த விண்ணப்பிக்கணும். பழைய ஓனரின் 'நோ க்ளெய்ம் போனஸ்' உங்களுக்கு வராது. அதனால் பிரீமியம் கூடும்.

டெல்லி நம்பர் பிளேட்டோடு பாதி விலையில் டீசல் கார் வந்தால் ஆச்சர்யப்பட வேண்டாம். 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே தடை போட்டு பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவு போட்டது. உச்ச நீதிமன்றம் 2018-ல் அதையே உறுதி செய்தது. அதிலிருந்து அங்கிருந்து வண்டிகள் மத்த மாநிலங்களுக்கு வர ஆரம்பிச்சுது. புதுச்சேரி வண்டியும் அப்படித்தான், விலை கவர்ச்சியா இருக்கும். வேற மாநில வண்டியை 12 மாசத்துக்கு மேல இங்கே வெச்சிருந்தால் நம்ம ஆர்.டி.ஓ-வில் மறுபதிவு பண்ணணும், லைஃப் டாக்ஸ் கட்டணும். அந்தத் தொகையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துட்டு 'சீப்'னு சொல்லுங்க.

ஆறு லட்சம் இருந்தா, ஐந்தேகால் லட்சத்துக்குத் தேடுங்க!

கையில் இருக்கிற மொத்தத்தையும் வண்டி விலையில் கொட்டக் கூடாது. பத்துல ஒரு பங்குக்குக் குறையாமல் தனியா எடுத்து வைங்க. வாங்கின முதல் வாரமே இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், பேட்டரி, தேவைப்பட்டால் டயர், கியர்பாக்ஸ் ஆயில்னு செலவு வரிசை கட்டும். அந்தப் பணம் இருந்தால் வண்டி உங்க கன்ட்ரோல்ல இருக்கும். இல்லைன்னா வொர்க்‌ஷாப்காரர் கன்ட்ரோல்ல நீங்க இருப்பீங்க.

எவ்வளவுதான் நீங்களே பார்த்தாலும், முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த பிராண்டைத் தெரிஞ்ச, புரோக்கருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிட்ட லிஃப்ட்ல ஏத்திக் காட்டுங்க. அதுக்குச் செலவாகிற தொகை, உங்க ஹாஸ்டல் மெஸ் பில்லை விடக் கம்மியாத்தான் இருக்கும். "வெளி மெக்கானிக் எல்லாம் வேண்டாம் சார்"னு விக்கிறவர் சொன்னால், அதுதான் உங்களுக்கு ரிசல்ட்!

'நோ' சொல்ற கெத்து!

நாலு வண்டி பார்த்த களைப்பில் அஞ்சாவது வண்டி எப்பவும் அழகாத்தான் தெரியும். அப்பாவுக்கு சன்ரூஃப் பிடிச்சிருக்கும், அம்மாவுக்குக் கலர் பிடிச்சிருக்கும், தம்பிக்கு டச் ஸ்கிரீன். "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் அட்வான்ஸோட வர்றாங்க"ன்னு புரோக்கர் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த நிமிஷம் "வேண்டாம்ப்பா, கியர்பாக்ஸ் சரியில்லை"ன்னு சொல்ல வீட்ல ஒருத்தராவது வேணும். அந்த ஒருத்தர் நீங்கதான். கொஞ்சம் முறைப்பாங்க, விடுங்க. செகண்ட் ஹேண்ட் சந்தையில் அடுத்த வாரமும் வண்டி வரும். பி.எஃப். பணம் ஒரே ஒரு தடவைதான் வரும்.

என்ன பாஸ்... சண்டே காலையில டார்ச் லைட்டும் ஸ்கேனருமா கிளம்பிடலாமா?